பூனைக்கண்ணுக்கு என்ன மை?

போன வாரம் அணைக்கட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் பேத்திக்கு ஹேர்பின் வாங்கிக்கொண்டிருந்தேன். "டீச்சர், நல்லா இருக்கீங்களா? என்னைத் தெரியுதா?" என்று ஒரு குரல். முகம் பிடிபடவில்லை. கண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தேன் நிறத்தில் லேசாகப் பச்சை கலந்த கண். 1994இல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவள். இப்போது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை. பக்கத்தில் அவள் மகள். அதே கண்.

அன்று வகுப்பில் எல்லோரும் அவளைப் 'பூனைக்கண்ணு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருநாள் அழுதுகொண்டே என்னிடம் வந்தாள். கேலி செய்த பிள்ளைகளை நான் கண்டிக்கவில்லை. "கறுப்பு மையை நல்லா அப்பிக்கோ, அவ்வளவா தெரியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதே வருஷம் நவம்பரில்தான் ஐஸ்வர்யா ராய் உலக அழகி ஆனார். அவர் கண்ணைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் அப்படிப் பேசினோம். அடுத்த அறையில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் கண் எங்களில் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

மகளுக்குக் கல்லூரியில் ஆண்டு விழாவாம், மை வாங்க வந்திருக்கிறார்கள். மகள் கலர் பென்சில்களைப் பார்க்க, அம்மா கறுப்பையே எடுத்தாள். "அப்பி விட்டா கண்ணு தெரியாது. நீங்கதானே டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க?"

குறையாகச் சொல்லவில்லை, நன்றியோடு சொன்னாள். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

முப்பது வருஷம் அறிவியல் நடத்தியவள் நான். கண்ணின் நிறம் ஐரிஸில் உள்ள மெலனினைப் பொறுத்தது. அது நிறைய இருந்தால் அடர் பழுப்பு. நாம் கறுப்பு என்பது அதைத்தான். குறைந்தால் தேன் நிறம், பச்சை. நீலக் கண்ணில் நீல நிறமியே கிடையாது, வானத்தைப் போல ஒளிச்சிதறல்தான். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

விட்டுப்போன பாடத்தைக் கடையிலேயே நடத்தினேன். மஞ்சள் புடவைக்கு ஊதா பார்டர் எடுப்பாக இருக்கும் அல்லவா? எதிர் நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். பச்சை கலந்த கண்ணுக்குக் கத்தரிப்பூ நிறமும் அரக்கும் பொருந்தும். நீலக் கண்ணுக்குச் செம்பு, பழுப்பு. நம் அடர் பழுப்புக் கண்ணுக்குக் கருநீலம், பச்சை, ஊதா எதுவும் சரி. வெளிர் கண்ணுக்குக் கறுப்பு ஆகாது என்றில்லை. அப்பாமல் இமையோரம் மெல்லிய கோடாக இழுத்தால் போதும்.

என் அம்மா கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்துக் காயவைத்த திரியை விளக்கெண்ணெயில் எரித்து, புகையைப் பித்தளைத் தட்டில் பிடித்து மை செய்வார். அந்த ஒரு கறுப்புதான் அவருக்குக் கிடைத்தது. இன்றைய பிள்ளைகளுக்குத் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. ஆனால் கவனம் வேண்டும். சுர்மா பலவற்றில் ஈய சல்பைடு இருக்கும்; என்ன சேர்த்திருக்கிறது என்று படிக்காமல் வாங்கக் கூடாது. அடுத்தவர் பென்சிலையும் போடக் கூடாது, கண்நோய் ஒட்டிக்கொள்ளும்.

மகள் கத்தரிப்பூ நிறத்தை வாங்கி, அங்கேயே கண்ணாடி பார்த்து ஒரு கோடு இழுத்தாள். கண் பளிச்சென்று தெரிந்தது. அம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக, "எனக்கும் இதே கலர்ல ஒண்ணு எடுத்துக்கலாமா டீச்சர்?" என்றாள்.

"எடுத்துக்கோம்மா. அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்றேன்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் வகுப்பிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். மறைக்கச் சொல்லாதீர்கள். கேலி செய்கிறவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.