எலிசபெத் ஃப்ரீமனின் ஊரில்

மாஸசூஸெட்ஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில், ஹூஸடானிக் நதி பாயும் பள்ளத்தாக்கிலே, ஷெஃபீல்டு என்னும் சிற்றூரில் கர்னல் ஜான் ஆஷ்லியின் பழைய மாளிகை இன்றும் நிற்கின்றது. மனிதர் யாவரும் இயற்கையில் சமானமானவர், சுதந்திரர் என்று கூறும் ஷெஃபீல்டுத் தீர்மானங்கள் 1773-ஆம் ஆண்டில் உருவானது இம்மாளிகையில்தான் என்பர். ஆயினும் என்னை அங்கே இழுத்துச் சென்றது, அதே காலத்தில் அதே வீட்டில் அடிமையாக உழைத்து வந்த பெட் என்னும் கறுப்பினப் பெண்ணின் சரித்திரமே.

எஜமானி ஒருநாள் கோபாவேசத்தில் தணல் அள்ளும் இரும்புச் சட்டுவத்தைப் பழுக்கப் பழுக்க எடுத்து லிஸி என்னும் இளம்பெண்ணின்மேல் ஓங்க, பெட் குறுக்கே பாய்ந்து தன் கையில் அவ்வடியைத் தாங்கினாள் என்றும், அந்த வடுவைப் பிறர் காணும்படி மூடாமலே விட்டிருந்தாள் என்றும் பழைய குறிப்புகள் கூறுகின்றன. மாநிலத்தின் 1780-ஆம் ஆண்டு அரசியற் சட்டம் சமத்துவத்தைப் பிரகடனம் செய்தபின், எழுத்தறியாத அப்பெண் தியோடர் செட்ஜ்விக் என்னும் வழக்கறிஞரை நாடினாள். 1781-இல் கிரேட் பாரிங்டன் நீதிமன்றத்தில் அவளும் பிரோம் என்ற அடிமையும் வழக்கில் ஜெயித்து, 30 ஷில்லிங் நஷ்டஈட்டுடன் விடுதலை பெற்றனர்.

எலிசபெத் ஃப்ரீமன் என்று பெயர் பூண்ட அவள், பழைய எஜமானரின் வீட்டுக்குத் திரும்பாமல், செட்ஜ்விக் இல்லத்தில் கூலி பெறும் பணிப்பெண்ணாக அமர்ந்தாள். சமையல், சலவை, குழந்தை வளர்ப்பு, பிரசவம் பார்த்தல் ஆகிய இவற்றுக்கு அப்பால் அக்காலத்துச் சுதந்திரக் கறுப்பினப் பெண்களுக்குத் திறந்திருந்த வாயில்கள் மிகச் சிலவே. ஆயினும் அந்தக் கூலியில் மிச்சம் பிடித்தே ஸ்டாக்பிரிட்ஜில் சொந்த வீடு வாங்கினாள். தன் சொத்துக்கு உயிலும் எழுதிவைத்தாள்.

1811-இல் தந்தத் துண்டில் தீட்டப்பெற்ற அவளுடைய சிற்றோவியம் பாஸ்டனில் மாஸசூஸெட்ஸ் சரித்திர சங்கத்தின் வசம் இருக்கின்றது. நீல ஆடை, வெண்குல்லாய், கழுத்தில் பொன்மணி மாலை, நேராக நோக்கும் கண்கள்: எவருடைய உடைமையும் அல்லாத ஒருத்தியின் கம்பீரம் அதில் குடிகொண்டிருக்கின்றது. 1829-இல் காலமான அவளை, ஸ்டாக்பிரிட்ஜ் மயானத்தில், செட்ஜ்விக் குடும்பத்தாரின் வட்டவடிவ இடுகாட்டிலேயே அடக்கம் செய்தனர்.

செட்ஜ்விக் குடும்பத்தார் காட்டிய அந்த அன்பு உயர்ந்ததுதான். ஆனால் அவளுடைய வாழ்வை மாற்றியது, உழைத்ததற்குக் கூலியும், வேண்டாதபோது விலகிச் செல்லும் உரிமையும் சட்டத்தால் அவளுக்குக் கிட்டியமையே. நாடெங்கும் அடிமைமுறை ஒழிய 1865 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறர் உழைப்பால் தம் இல்லத்தை நடத்துவோர் யாவரும், அன்பு காட்டியதோடு கடமை தீர்ந்ததென்று கருதாது, கூலியையும் விலகிச் செல்லும் உரிமையையும் குறைவின்றி வழங்கக் கடவர்.