ஒரு சாவிக்கு ஒரு பூட்டு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

என் தந்தையார் பூட்டுத் தொழிலாளி. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுதான் எங்கள் வீட்டுச் சோறு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் நான். என் படிப்பை அவருக்கு விளக்கத் தெரியாமல் நான் விழித்ததுண்டு. ஆனால் சென்ற பருவத்தில் ஒரு பாடத்தை எனக்கு விளக்கியவர் அவரே.

பாட்டுப் பழகும் விடுதித் தோழி ஒருத்தி, தாளம் போட ஆளில்லை என்று குறைப்பட்டாள். 'பியூர் டேட்டா'வில் செய்து தருவதாக வாக்களித்தேன். மில்லர் பக்கெட் என்பவர் 1990-களில் உருவாக்கிய இலவச மென்பொருள் அது. பெட்டிகளை வரைந்து கோடிழுத்து இணைத்தால் ஒலி பிறக்கும். வரைந்ததை ஒரு பெயரில் சேமித்தால், அதையே இன்னொரு படத்தில் ஒரு பெட்டியாக வைக்கலாம்.

நம் தாளமும் அப்படிப்பட்டதே. லகுவின் அட்சரம் ஜாதிக்கேற்ப 3, 4, 5, 7, 9 என மாறும். 7 தாளங்கள் 35 ஆவது அதனால்தான். எனவே 'லகு' என ஒரே பெட்டி செய்து, உள்ளே எண்ணுக்குப் பதில் 'டாலர் 1' என எழுதினேன். வெளியே 'லகு 4' என்றால் நான்கு. 'லகு 7' என்றால் ஏழு.

துறைக் கூட்டத்தில் தோழியின் கணினியில் அதை இயக்கினேன். சத்தமே வரவில்லை! கைத்தட்டல் ஒலி இருக்குமிடத்தை என் கணினியின் முழு முகவரியோடு எழுதியிருந்தேன். அவள் கணினியில் அந்த முகவரி ஏது? அனைவர் முன்னும் தலைகுனிந்தேன். அன்றிரவே ஒலிக்கோப்பை லகுவின் கோப்புறையிலேயே வைத்து, கோப்பின் பெயரை மட்டும் எழுதினேன்.

அடுத்து துருவ தாளம். அதில் மூன்று லகு, ஒரு திருதம். சதுஸ்ர ஜாதியில் 14 அட்சரம். முதல் லகு தொடங்கியதும் மற்ற இரண்டும் கூடவே தட்டின. பெட்டிக்குள் செய்தி அனுப்ப நான் வைத்த பெயர் மூன்றுக்கும் ஒன்றே!

அரத்தைக் கீழே வைத்துவிட்டு அப்பா கேட்டார்: "என்னம்மா, ஒன்னத் தொட்டா மூனும் கத்துது?"

சொன்னேன். சிரித்தார்.

"ஒரே சாவிக்கு மூனு பூட்டுந் தொறந்தா யாரும்மா வாங்குவா? கூடு ஒன்னா இருக்கலாம். உள்ள வெட்டு வேற வேறயா இருக்கணும்."

அந்த வெட்டுக்கு இம்மென்பொருளில் 'டாலர் 0' என்று பெயர். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி எண்ணை அதுவே தரும். பெயர்களின் முன்னே அதைச் சேர்த்தேன். துருவ தாளம் ஒழுங்காக நடந்தது.

இப்போது அந்தக் கோப்புறை தோழியர் மூவரின் கணினியில் இருக்கிறது. நான் அருகில் இல்லாமலே தாளம் போடுகிறது. அப்பாவின் பூட்டுகள் எந்த ஊர்க் கதவுகளில் தொங்குகின்றன என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் அவை பூட்டுகின்றன, திறக்கின்றன. நம் கையை விட்டுப் போன பின்னும் உழைப்பதே நல்ல வேலை என்று அவரிடம் கற்றேன்.