வாங்கியவர் யார், கொடுத்தவர் யார்?

பெங்களூர் அல்சூரில் சாயங்கால வேளைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். சிலர் வீட்டில் தமிழ், சிலர் வீட்டில் கன்னடம். ஆனால் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். 'ஐ ஆம் ஹியரிங் சாங்ஸ்' என்று எழுதுகிறார்கள். 'ஹி பாரோட் மீ எ பென்' என்கிறார்கள். இதைக் கவனக்குறைவு என்று சொல்லிச் சிவப்பு மையால் சுழிப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஹியர், லிசன், ஆஸ்க் மூன்றுக்கும் தமிழில் 'கேள்' போதும், கன்னடத்தில் 'கேளு' போதும். கொடுத்தாலும் வாங்கினாலும் நமக்குக் கடன் கடன்தான். ஆங்கிலத்திலோ கொடுப்பவருக்கு லெண்ட், வாங்குபவருக்கு பாரோ. பிள்ளை தன் தாய்மொழியின் கணக்கில் சரியாகத்தான் யோசித்திருக்கிறது.

கடைகளில் கிடைக்கும் கையேடுகள் இப்படிப்பட்ட சொற்களை ஜோடி ஜோடியாக அடுக்கி மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. ஒன்றாகப் படித்தவை ஒன்றாகவே நினைவுக்கு வந்து குழப்பம் கூடுவதைத்தான் நான் பார்க்கிறேன்.

மொழியை இப்படிப் பாடமாகச் சொல்லித் தருவதற்கு மாற்று வழியைத் தேடியவர் ஆங்கிலக் கற்பித்தல் ஆய்வாளர் என். எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் சில வகுப்புகளில் அவர் நடத்திய சோதனையை உலகெங்கும் ஆங்கில ஆசிரியர்கள் 'பெங்களூர் புராஜெக்ட்' என்றே அழைக்கிறார்கள். இலக்கணப் பாடம் நடத்தாமல் ரயில் கால அட்டவணையையோ வரைபடத்தையோ கொடுத்து விடை கண்டுபிடிக்கச் சொன்னார்கள். கவனம் பொருளில் இருக்கும்போது மொழியின் அமைப்பு தானே மனத்தில் படியும் என்பது பிரபுவின் நம்பிக்கை. பிறகு நடந்த மதிப்பீட்டில், இலக்கண அமைப்பைச் சோதித்த தேர்வில் பழைய முறையில் படித்தவர்களே முந்தினார்கள். செயல் சார்ந்த தேர்வில் பிரபுவின் மாணவர்கள் முந்தினார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். எனக்கு வேண்டியது இரண்டாவது.

அதனால் எங்கள் கதைப்புத்தகப் பெட்டிக்கு ஒரு நோட்டுப் போட்டேன். யார் யாருக்குக் கொடுத்தார், யார் யாரிடம் வாங்கினார் என்று பிள்ளைகளே ஆங்கிலத்தில் எழுத வேண்டும். தப்பாக எழுதினால் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்பதில் சண்டை வந்துவிடும்; அந்தச் சண்டையில் அவர்களே திருத்திக்கொள்கிறார்கள். லெண்ட்டும் பாரோவும் இப்போது பெரும்பாலும் இடம் மாறுவதில்லை. லிசன்தான் பாக்கி. அதற்கு மெட்ரோ அறிவிப்பை உன்னிப்பாகக் கேட்டு, அடுத்த நிலையத்தின் பெயரையும் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதையும் குறித்துவரச் சொல்லியிருக்கிறேன்.