உம்மும்மாவின் கொப்பி

எங்கள் உம்மும்மாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அதற்காக அவரை எழுதத் தெரியாதவர் என்று சொல்லிவிட முடியாது. நீல மட்டை போட்ட கொப்பியொன்று வைத்திருந்தார். அதில் வலமிருந்து இடமாக, அரபு எழுத்தில், தமிழை எழுதுவார். பிள்ளைகள் பிறந்த நாள், மௌத்தான நாள், கொடுக்கல் வாங்கல் எல்லாம் அதில்தான். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் 'மகானி'யையும் 'ஃபத்ஹுத் தய்யான்' என்ற ஃபிக்ஹு நூலையும் எழுதிய அதே அரபுத்தமிழ். நிலாவெளியில் எங்கள் வளவின் வேப்ப மரத்தடியில், அவர் கையில் அது உப்புப் புளிக் கணக்கு எழுதவும் உதவியது.

"வாப்பா, இதெ வாசிக்க ஒருக்காப் பழகிக்கயன்" என்று என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்.

"மறுகா பாப்பம் உம்மும்மா" என்பேன்.

எனக்கு அப்போது வேறு மொழிகளின் மீது ஆசை. கடற்கரை ஹோட்டல்களுக்கு வரும் வெள்ளைக்காரரிடம் ஆங்கிலம் பேசிப் பழகினேன். புறாத்தீவுக்குப் படகில் கூட்டிப்போகும்போது ஜெர்மன் மொழியில் எண்ணக் கற்றுக்கொண்டேன். ஒரு கிழவியின் கொப்பியில் என்ன இருந்துவிடப் போகிறது?

2002இல் உம்மும்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வாய் கோணிப் பேச்சு நின்றுவிட்டது. கடைசி நாட்களில் இடது கையால் அந்தக் கொப்பியை எடுத்து எடுத்து என் பக்கம் நீட்டினார். ஓதுகிற ஏதோ ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள விரும்புகிறார் என்று நினைத்து, அதை வாங்கி அவருடைய தலையணைக்குக் கீழே வைத்தேன். அவர் கண்களை மூடிக்கொண்டார். நான் சரியானதைச் செய்துவிட்டதாகவே எண்ணினேன்.

ஜனாஸாத் தொழுகைக்கு முன்னர் வழமைபோல அறிவித்தோம்: "மர்ஹூமாவிடம் யாருக்காவது கொடுக்கல் வாங்கல் இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் பொறுப்பு." யாரும் வரவில்லை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. வீட்டின் முன்பாதி போயிற்று. மூன்றாம் நாள் சேற்றுக்குள்ளிருந்து உம்மா அந்தப் பெட்டகத்தை இழுத்தெடுத்தார். கொப்பியின் பின்தாள்கள் கூழாகியிருந்தன. மிச்சத்தை வெயிலில் காயவைத்து, சீலைத் துண்டில் சுற்றி வைத்தார். அவராலும் அதை வாசிக்க முடியாது. குர்ஆன் ஓதுவார், தமிழ்ப் பத்திரிகை படிப்பார். இரண்டுக்கும் நடுவில் இருந்த அந்த எழுத்து மட்டும் அவருடைய தலைமுறைக்கு வந்து சேரவில்லை.

சுனாமிக்குப் பின் வந்த ஸ்பானிய நிவாரணக் குழுவொன்றில் மொழிபெயர்ப்பாளனாக வேலை கிடைத்தது. அந்த வேலையின் தொடர்ச்சியாக ஓர் உதவித்தொகையும் கிடைத்தது. 2008இல் நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு கிரனாடாவில் போய் இறங்கினேன். நம் கிதாபுகள் கர்னாதா என்று சொல்லும் அதே ஊர். 1531இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. வெளிநாட்டாருக்கு ஸ்பானிய மொழி கற்பிக்கும் அதன் நவீன மொழிகள் நிலையம், முன்னர் யூதர் வாழ்ந்த றியலேஹோ பகுதியில் இருந்தது. ஒரு கல்வியாண்டு முழுவதும் அங்கேதான் படித்தேன்.

தங்குவதற்கு ஒரு விதவைத் தாயின் வீடு. அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தெரியாது. வேண்டுமென்றே அப்படிப்பட்ட வீடுகளில்தான் மாணவர்களை விடுவார்கள். பசித்தால் பேசித்தானே ஆக வேண்டும்! முதல் நாள் பருப்புக் கறியில் பன்றித் தொத்திறைச்சி மிதந்தது. நான் கையை விரித்து, தலையை ஆட்டி, வானத்தைக் காட்டி, ஒருவாறு விளங்கப்படுத்தினேன். அடுத்த நாள் கடைக்குப் போய் எனக்கென்று ஒரு புதுச் சட்டி வாங்கி வந்து, பிடியில் சிவப்பு நூல் கட்டிவைத்தார். நான் புறப்படும் வரைக்கும் அந்தச் சட்டியில் பன்றியின் வாடைகூடப் படவில்லை.

மொழியில் எனக்குத் தொடக்கத்தில் ஒரு மிதப்பு இருந்தது. மேசை அங்கே 'மேசா'. பாண் 'பான்'. சப்பாத்து 'ஸப்பாத்தோ'. போர்த்துக்கீசர் நம் கரையில் விட்டுப்போன சொற்களின் ஒன்றுவிட்ட சகோதரங்கள் அவை. இந்தத் துணிவில் ஒருநாள் வகுப்பில் எனக்குக் 'கதேரா' ஒன்று வேண்டும் என்று கேட்டேன். கதிரையைத்தான் நினைத்தேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அந்த மொழியில் 'கதேரா' என்றால் இடுப்பு. கதிரைக்கு 'சீயா' என்று வேறு சொல். நான் ஓர் இடுப்புக் கேட்ட கதையை ஆண்டு முடியும் வரை சொல்லிச் சிரித்தார்கள்.

ரகர றகரம் மட்டும் கை கொடுத்தது. மெல்லிதாகச் சொன்னால் 'ஆனால்', உருட்டிச் சொன்னால் 'நாய்' என்று பொருள் மாறும் சொல்லில் ஆங்கிலேய மாணவர்கள் தடுமாறியபோது நான் தப்பிக்கொண்டேன். அந்தலூசியர் சொல்லின் கடைசி 'ஸ்' சத்தத்தை விழுங்கிவிடுவார்கள். வகுப்பில் படித்ததைத் தெருவில் கேட்டுப் பிடிக்க இரண்டு மாதங்கள் எடுத்தன.

பிறகுதான் சொற்களுக்குள் இருந்த சொற்கள் கேட்கத் தொடங்கின. சீனிக்கு 'அஸூக்கார்', எண்ணெய்க்கு 'அஸேய்தே', தலையணைக்கு 'அல்மொஆதா', நீர் வாய்க்காலுக்கு 'அஸேக்கியா'. எல்லாம் அரபு. வீட்டுக்கார அம்மா மழை வேண்டும் என்றாலும், லொத்தர் விழ வேண்டும் என்றாலும் 'ஓஹலா' என்று தொடங்குவார். அல்லாஹ் நாடினால் என்ற அரபுத் தொடரின் தேய்வு அது. அதை நான் அவரிடம் சொன்னபோது வியப்புடன் பார்த்துவிட்டு, "என் பாட்டியும் அப்படித்தான் சொல்வாள்" என்றார்.

1492 ஜனவரி 2ஆம் திகதி கிரனாடா கைமாறியது. ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் நகரசபை முன்றலில் கொடியேற்றிக் கொண்டாடுகிறார்கள். அதை எதிர்த்துக் குரல் கொடுக்கும் கிரனாடாக்காரரும் உண்டு. 1349இல் முதலாம் யூசுப் கட்டிய மத்ரஸா இன்று பல்கலைக்கழகத்தின் சொத்து. அதன் தொழுகை அறைக்குள் நின்று பார்த்துவிட்டு வெளியே வந்தால் எதிரே ஃபெர்னாண்டோவும் இஸபெல்லாவும் அடங்கியிருக்கும் அரச தேவாலயம். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் பிப்ரம்ப்லா சதுக்கம். பூக்கடைகளும் சிற்றுண்டிச் சாலைகளும் நிறைந்த இடம். பதினைந்தாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், கார்டினல் ஸிஸ்னெரோஸின் கட்டளைப்படி அரபு நூல்களை அங்கேதான் குவித்து எரித்தார்கள் என்று சொல்லப்படுகிறது. 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தை நினைக்காமல் அந்தச் சதுக்கத்தைக் கடக்க என்னால் முடிந்ததில்லை.

1567இல் இரண்டாம் ஃபிலிப் மன்னனின் ஆணை வந்தது. அரபு பேசக் கூடாது, எழுதக் கூடாது; மூன்று ஆண்டுகளுக்குள் எல்லோரும் காஸ்திலிய மொழி பழகிக்கொள்ள வேண்டும். அப்போது ஃபிரான்ஸிஸ்கோ நூஞெஸ் முலெய் என்ற முதியவர் ஒரு முறையீடு எழுதினார். மால்ட்டாத் தீவார் அரபு பேசிக்கொண்டே கிறிஸ்தவர்களாக இருக்கவில்லையா, மொழிக்கும் மதத்துக்கும் என்ன பகை, பிறந்தது முதல் பேசிய மொழியைக் கிழவர்கள் எப்படி விடுவார்கள் என்று கேட்டார். அது எடுபடவில்லை. 1568இல் மலைப்பகுதியில் கிளர்ச்சி வெடித்தது. அது அடக்கப்பட்டபோது கிரனாடாவின் மொரிஸ்கோக்கள் ஊரைவிட்டுச் சிதறடிக்கப்பட்டார்கள். 1609 முதல் 1614 வரை ஸ்பெயின் முழுவதிலுமிருந்து ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் கப்பலேற்றப்பட்டார்கள். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம்மவருக்கு இந்த வரலாற்றை அதிகம் விளக்கத் தேவையில்லை.

2009 பெப்ரவரியில் ஒருநாள், பண்பாட்டு வகுப்பில் ஆசிரியை ஒரு கையெழுத்துப் படியின் பிரதியைத் திரையில் காட்டினார். அரபு எழுத்து. யாருக்காவது வாசிக்க முடியுமா என்று கேட்டார். எழுந்து எழுத்துக்கூட்டினேன். என் வாயிலிருந்து வந்தது அரபு அல்ல, ஸ்பானியம்! வகுப்பு வியந்தது. நான் அதைவிட வியந்தேன்.

'அல்ஹமியாதோ' என்பது அதன் பெயர். கிரனாடா முஸ்லிம்கள் அரபே பேசினார்கள். ஆனால் வடக்கே அரகோன், காஸ்திலியப் பகுதிகளின் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக உள்ளூர் மொழியே பேசினார்கள். அதை அரபு எழுத்தில் எழுதினார்கள். 'ப' ஒலிக்கு அரபில் எழுத்தில்லை; 'பே'யின் மேல் ஷத்து வைத்துச் சமாளித்தார்கள். தொழுகை முறை, நபிமார் வரலாறு, மருந்துக் குறிப்பு எல்லாம் அந்த எழுத்தில் இருக்கின்றன. 1884இல் அல்மொனாஸித் என்ற ஊரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, பலகைத் தளத்துக்குக் கீழே ஒளித்துவைத்த ஏடுகள் வெளிப்பட்டன. பல அழிந்துபோயின, மிஞ்சியவற்றில் பெரும்பகுதி இப்போது மத்ரிதில் இருக்கிறது.

நான் உற்சாகத்தில், எங்களிடமும் இப்படியொன்று உண்டு, அரபு எழுத்தில் தமிழ், என் பாட்டி எழுதுவார் என்று சொல்லிவிட்டேன். ஆசிரியையின் முகம் மலர்ந்தது. "அடுத்த வாரம் அதில் ஒரு பக்கத்தை எங்களுக்கு வாசித்துக் காட்டுவீர்களா?" என்றார்.

நான் வாசிக்கப் பழகவில்லை என்று சொல்ல நேர்ந்தது. அவர் முகத்தில் ஏளனம் இல்லை. விளங்காமைதான் இருந்தது. தமிழ் உங்கள் தாய்மொழி, அரபு எழுத்தும் தெரியும், பிறகென்ன என்று கேட்பதுபோல.

அன்றிரவே வீட்டுக்குக் கோல் எடுத்தேன். தம்பி கொப்பியைத் திருகோணமலை டவுனுக்குக் கொண்டுபோய், பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஈமெயிலில் அனுப்பினான். வீட்டுக்கார அம்மாவின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினேன். அரபு எழுத்துகளோடு கூடுதலாகச் சில புள்ளி வைத்த எழுத்துகள். ட, ண, ள போன்ற நம் ஒலிகளுக்காக முன்னோர் ஆக்கிக்கொண்டவை. இது எந்த எழுத்து என்று ஊகிக்க, அடுத்த சொல்லே விடை சொன்னது. சஹர் நேரமாகும்போது கொப்பியில் மிஞ்சியிருந்த முழுவதையும் வாசித்து முடித்துவிட்டேன்.

ஓர் இரவு. அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது. இருபது வருட 'மறுகா'வுக்குப் பின்னால் இருந்தது ஓர் இரவின் வேலை.

பெரும்பகுதி கடன் கணக்கு. கொடுத்து முடித்தவற்றின் மேல் கோடு இழுத்திருந்தார். இரண்டில் மட்டும் கோடு இல்லை. ஒன்று, மீன் வியாபாரி ஒருவரிடம் வாங்கிய இரண்டு மரைக்கால் நெல். மற்றது இப்படி இருந்தது: 'தொண்ணூறு ஆனி. ஊர உட்டு வெளிக்கிடக்க, கிணத்தடி ஊட்டு அக்கா காதுல கெடந்த தோட்டக் கழட்டித் தந்தா. அரப் பவுண். ஈடு வெச்சது மூண்டுட்டு. குடுக்கணும்.'

1990 ஜூனில் சண்டை மீண்டும் மூண்டபோது எனக்குப் பத்து வயது. கிணற்றடி வீட்டுக்காரர் எங்கள் அயல் தமிழ்க் குடும்பம். யாரும் யாரையும் நம்பாத அந்தக் கிழமையில், ஒரு பெண் தன் காதிலிருந்ததைக் கழற்றி இன்னொரு பெண்ணின் கையில் வைத்திருக்கிறாள். எங்கள் பயணக் காசு அப்படித்தான் வந்திருக்கிறது. அந்த அக்கா ஜனாஸா அறிவித்தலைக் கேட்கப் பள்ளிவாசலில் எப்படி இருந்திருப்பார்?

கடன் அடைபடும் வரை மூமினின் ரூஹு தொங்கிக்கொண்டிருக்கும் என்ற ஹதீஸை நாமெல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள். பேச்சு நின்றபின் உம்மும்மா எதற்காக அந்தக் கொப்பியை நீட்டினார் என்பது ஏழு வருடம் கழித்து, ஏழு கடல் கடந்த ஒரு மேசையில் எனக்கு விளங்கியது. விடியும்போது எழுந்து வந்த வீட்டுக்கார அம்மா என்னைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை. கோப்பி ஊற்றி வைத்துவிட்டுப் போனார்.

தமிழ் எழுத்து நமக்கு வாய்த்ததில் எனக்குக் குறையேதும் இல்லை. இந்தக் கட்டுரையை நான் அதில்தானே எழுதுகிறேன். ஆனால் மொரிஸ்கோக்களின் எழுத்தை ஒழிக்க ஒரு மன்னனும் ஆணையும் படையும் தேவைப்பட்டன. நம் வீட்டுப் பெண்களின் எழுத்தை யாரும் தடை செய்யவில்லை. பேரப்பிள்ளைகளின் 'மறுகா' ஒன்றே போதுமாக இருந்தது.

அந்த ஆண்டு ஜூலையில் ஊர் திரும்பினேன். யுத்தம் முடிந்திருந்தது. கிணற்றடி வளவு பற்றைக் காடாகிக் கிடந்தது. விசாரித்ததில், அக்கா முன்னரே காலமாகிவிட்டார், மகள் டவுனில் இருக்கிறார் என்று தெரிந்தது. அரைப் பவுண் தோடு ஒரு சோடி செய்வித்து, உம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"அம்மா இதைப் பற்றி ஒருநாளும் சொல்லேல்லையே" என்றார் அந்த மகள். வாங்க மறுத்தார். "எங்கட உம்மாக்காக வாங்குங்க புள்ள" என்று உம்மா அவர் கையைப் பிடித்தார். இருவரும் நெடுநேரம் அப்படியே இருந்தார்கள். பிறகு வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அந்த வரியின் மேல் கோடு இழுத்தேன். மீன் வியாபாரியை இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் பேரில் ஸதக்கா கொடுத்தோம். ஆனாலும் அந்த வரியில் நான் இன்னும் கோடு இழுக்கவில்லை.