கொடுத்தால்தான் தங்கும்

“குனிந்தால் தெரியாது. மண்டியிடுங்கள்” என்று சொல்லி, பழைய ரப்பர் மெத்தை ஒன்றை என் கையில் கொடுத்தார் அந்த அம்மா. ஈரமண்ணில் அதைப் போட்டு முழங்காலை ஊன்றினேன். ஒரு சாண் உயரமுள்ள காம்பின் நுனியில், தலையைக் கவிழ்த்தபடி ஒரு வெள்ளைப் பூ. வெளியே மூன்று நீள இதழ்கள். அவற்றுக்குள் ஒளிந்தாற்போல மூன்று குட்டை இதழ்கள். அவர் ஒற்றை விரலால் பூவின் முகவாயைத் தொட்டு நிமிர்த்தினார். உள்ளிதழின் விளிம்பில் சின்னதாக ஒரு வெட்டு. அதைச் சுற்றி, கவிழ்த்து எழுதிய ‘ப’ போல ஒரு பச்சைக் கோடு.

“இப்போது பக்கத்துத் தூரைப் பாருங்கள்.”

அதில் பச்சை உள்ளிதழ் முழுக்கப் பரவியிருந்தது. அடுத்த தூரில் பச்சை இருந்த இடத்தில் மஞ்சள். அதற்கடுத்ததில் உள்ளிதழ்கள் பாவாடை மடிப்பு போல அடுக்கடுக்காக. தெருவிலிருந்து பார்த்தபோது தோட்டம் முழுக்க ஒரே பூதான் என்று நினைத்திருந்தேன். மண்டியிட்ட பத்து நிமிடத்தில் நாலு பூ பார்த்துவிட்டேன்.

இங்கிலாந்தின் கிளஸ்டர்ஷயரில், காட்ஸ்வோல்ட் குன்றுகளுக்கு நடுவே உள்ள ஒரு கிராமம் அது. நான் போனது பிப்ரவரி இரண்டாம் வாரம். அந்த அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கால் ஏக்கர்கூட இல்லாத வீட்டுத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளாக ஸ்னோடிராப் என்ற இந்த வெள்ளைப் பூவை வளர்க்கிறார்; நூற்றெண்பது வகைக்கு மேல் வைத்திருக்கிறார். “ஊர்ப் பெயரும் என் பெயரும் எழுத வேண்டாம்” என்பதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை. அரிய வகைகளை இரவோடு இரவாகத் தோண்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் அவர் தோட்டத்தில் எந்தச் செடிக்குப் பக்கத்திலும் பெயர் கிடையாது; தகரச் சீட்டில் ஓர் எண் மட்டும். எந்த எண்ணுக்கு எந்தப் பெயர் என்பது சமையலறை இழுப்பறையில் இருக்கும் ஒரு நோட்டில் இருக்கிறது.

இந்தச் செடியின் தாவரவியல் பெயர் கலாந்தஸ். கிரேக்க மொழியில் பால்பூ என்று பொருள். 1753-இல் லின்னேயஸ் வைத்த பெயர். இயற்கையில் ஏறக்குறைய இருபது இனங்கள். அவற்றில் பெரும்பாலானவை துருக்கியையும் காகசஸ் மலைகளையும் சேர்ந்தவை. இங்கிலாந்தில் பலரும் இதைத் தங்கள் மண்ணின் பூ என்றே நினைக்கிறார்கள். ஆனால் 1597-இல் வந்த ஜான் ஜெரார்டின் மூலிகை நூலில் இது தோட்டச் செடியாக வருகிறது. காட்டில் தானாக வளர்வதாக அங்கே பதிவானது 1770-களில்தான். வந்த செடி வேரூன்றி, ஊர்க்காரச் செடியாகிவிட்டது.

நான் போய்ச் சேர்ந்த காலையில் கடும் உறைபனி. செடிகளெல்லாம் வெந்நீர் ஊற்றினாற்போலத் துவண்டு தரையோடு படுத்துக் கிடந்தன. எனக்கு மனசு கேட்கவில்லை. “பதினோரு மணிக்கு வந்து பாருங்கள்” என்றார். தேநீர் குடித்துவிட்டு வெளியே வந்தபோது மெல்லிய வெயில். ஒவ்வொரு காம்பாக எழுந்து நின்றுகொண்டிருந்தது. இலை நுனி கடினமாக இருப்பதால் உறைந்த மண்ணைக் குத்திக்கொண்டு வெளியே வருகிறது; திசுக்களில் உள்ள ஒரு புரதம் பனிப்படிகம் கிழிக்காமல் காக்கிறது. வெப்பம் பத்து டிகிரியைத் தொட்டால் வெளியிதழ்கள் விரிந்து, குளிர்காலத்தில் துணிந்து கிளம்பும் தேனீக்குத் தேன் கிடைக்கிறது. விதையின் ஒரு முனையில் எண்ணெய்ச் சத்துள்ள சிறு வால் உண்டு. அதற்காக எறும்புகள் விதையை இழுத்துப் போய் வேறு இடத்தில் போடுகின்றன.

தூர் பிரிக்கும் வேலையை அன்றே காட்டினார். நெருங்கிப் போன தூரின் பூ குன்றும். நோயும் சீக்கிரம் பரவும். அதனால் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பிரித்தாக வேண்டும். பூக்கும்போதோ பூ முடிந்ததுமோ, இலை பச்சையாக இருக்கும்போதே பிரிப்பது இங்கே பழைய வழக்கம். முள்கரண்டியைத் தூருக்கு ஓர் அடி தள்ளிக் குத்தி, மண்ணோடு நெம்பினார். பிறகு கரண்டியை வைத்துவிட்டு விரல்களாலேயே மண்ணை உதிர்த்தார். சின்ன வெங்காயம் போல வெள்ளை வெளேரென்று கிழங்குகள். சிக்கிய வேர்களைச் சிக்கெடுக்கும் பொறுமையை, பேத்தியின் தலைமுடியைக் கோதும் பாட்டிமாரிடம்தான் நான் பார்த்திருக்கிறேன். ஒரே தூரில் பதினேழு கிழங்குகள். ஐந்து பழைய குழியிலேயே போயின. ஐந்து தோட்டத்தின் மறுகோடிக்கு. மீதி ஏழையும் ஈரச் செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றினார்.

“அவை விற்பனைக்கா?” என்று கேட்டேன்.

“இல்லை. பத்திரப்படுத்துவதற்கு.”

புரியவில்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே கூட்டிப்போய் அந்த நோட்டைத் திறந்தார். ஒவ்வொரு வகைக்கும் ஒரு பக்கம். இடப்புறம் ‘யாரிடமிருந்து’, வலப்புறம் ‘யாருக்கு’. நாற்பத்திரண்டாம் எண்ணில் நிறுத்தினார். உள்ளிதழ் முழுக்கப் பச்சையாக இருந்த அந்தப் பூ: மெர்லின்.

மெர்லினை உருவாக்கியவர் சாமர்செட்டில் ஷெப்டன் மேலட் ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஆலன். ஸ்னோடிராப்களைத் திட்டமிட்டுக் கலப்புச் செய்து புதிய வகைகள் கண்டவர்களில் முன்னோடி. 1891-இல் ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டி நடத்திய ஸ்னோடிராப் மாநாட்டில் பேசியவர். நூற்றுக்கு மேற்பட்ட வகைகளை வளர்த்தார். சாம்பல் பூஞ்சணமும், கிழங்கைக் குடைந்து தின்னும் நார்சிசஸ் ஈயின் புழுவும் அவர் தோட்டத்தில் புகுந்தன. அவர் சேகரத்தில் பெரும்பகுதி அழிந்தே போயிற்று. மெர்லின், மேக்னட் போன்ற சில மட்டும் இன்று இருக்கின்றன. அவை வேறு வேறு தோட்டங்களில் வேரூன்றியிருந்தன.

கைமாறியே பரவிய இன்னொரு வகையும் உண்டு. ஸ்காட்லாந்தின் சாமுவேல் ஆர்னட் தன் தோட்டத்துக் கிழங்குகளை, இதே கிளஸ்டர்ஷயரில் கோல்ஸ்போர்னில் இருந்த ஹென்றி ஜான் எல்வெஸுக்கு அனுப்பினார். எல்வெஸ் 1874-இல் துருக்கி மலையில் அகன்ற இலையுள்ள ஸ்னோடிராப் இனத்தைக் கண்டவர். அந்த இனமே அவர் பெயரைத் தாங்குகிறது. ஆர்னட் அனுப்பிய, தேன் மணக்கும் அந்தப் பூ இன்று ‘எஸ். ஆர்னட்’ என்ற பெயரில் நாடு முழுக்க இருக்கிறது.

கைமாறிய வகைகளே தங்குவதற்குக் காரணம் செடியின் இயல்பிலேயே இருக்கிறது. பெயர் பெற்ற ஒரு வகையின் விதையைப் போட்டால் அதே வகை முளைப்பதில்லை. பிள்ளை வேறு முகத்தோடு வரும். கிழங்கிலிருந்து பிரிந்த கிழங்கு மட்டுமே அதே செடி. ஆகவே இந்தத் தோட்டத்து மெர்லின், ஆலன் கையால் தொட்ட செடியின் அதே உடல். நூற்றாண்டுக்கு மேலாக, கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது. எங்காவது ஓரிடத்தில் மட்டும் இருந்து, அங்கே அழுகினால், உலகத்திலிருந்தே போய்விடும்.

“எனக்கே நடந்தது” என்றார். ஓயாமல் மழை பெய்த ஒரு குளிர்காலத்தில் அவருடைய மெர்லின் தூரைச் சாம்பல் பூஞ்சணம் தின்றுவிட்டது. தோண்டியபோது கையில் வந்தது கருப்புக் கூழ். நோட்டைப் புரட்டி வலப்புறம் பார்த்திருக்கிறார். பன்னிரண்டு ஆண்டுக்கு முன் ஷ்ராப்ஷயரில் ஒரு தோழிக்கு மூன்று கிழங்கு கொடுத்தது எழுதியிருந்தது. அடுத்த வாரம் தபாலில் நான்கு கிழங்குகள் திரும்பி வந்தன. இன்று அந்தப் பக்கத்தில் தோழியின் பெயர் இரண்டு முறை இருக்கிறது: வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று.

என் அம்மா ஜாதிமல்லிப் பதியன் கேட்டு வந்த எவரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. அதைத் தாராள மனசு என்றே நான் நினைத்து வளர்ந்தேன். அதில் இவ்வளவு முன்யோசனையும் உண்டு என்று எனக்குச் சொல்ல, எங்கோ ஒரு கிராமத்து நோட்டு வேண்டியிருந்தது.

ஜூன் கடைசியில் மறுபடி போனேன். தோட்டத்தில் ஸ்னோடிராப் இருந்த சுவடே இல்லை. இலை காய்ந்து, கிழங்குகள் மண்ணுக்குள் உறங்கும் காலம். அன்று வேலை சமையலறை மேசையில். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் வந்திருந்தார். சுற்றுவட்டாரத்துச் சேகரிப்பாளர்களுக்குக் கிழங்கு அறுத்துக் கொடுப்பவர். மெதுவாகத் தூர் கட்டும் வகைகளைப் பெருக்க, இரட்டைச் செதில் முறை என்ற இந்த அறுப்பே அவருடைய வழி.

கிழங்கின் பழுப்புத் தோலை உரித்து, மேல்நுனியையும் பழைய வேர்களையும் சீவினார். கத்தியை எரிசாராயத்தில் நனைத்தார். ஒவ்வொரு வெட்டுக்கும் முன் இதைத் தவறாமல் செய்தார். ஒரு கிழங்கின் நோய் கத்தி வழியாக அடுத்ததற்குப் போய்விடக் கூடாது. கிழங்கைத் தலைகீழாகப் பிடித்து, ஆரஞ்சுச் சுளை போல நெடுக்காக இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று பிளந்தார். பிறகு ஒவ்வொரு சுளையிலும் அடுக்குகளை இரண்டிரண்டாகப் பிரித்தார். ரகசியம் அடியில் இருக்கிறது: வேர் முளைக்கும் அடித்தட்டின் ஒரு துணுக்கு ஒவ்வொரு ஜோடியிலும் ஒட்டியிருக்க வேண்டும். அது இல்லாத துண்டு அழுகும், இருந்தால் முளைக்கும்.

அவர் மூச்சை அடக்கிக்கொண்டு அறுத்தார். அரிசி நீளமே உள்ள அடித்தட்டைக் கத்தி இரண்டாக்கும்போது நானும் மூச்சை அடக்கியிருந்தேன். ஒரு கிழங்கு முப்பதுக்கு மேற்பட்ட துண்டுகள் ஆயிற்று. பூஞ்சைக்கொல்லியில் முக்கி, வெர்மிகுலைட் என்ற ஈரமான கனிமத் துகளோடு பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றையும் பிடித்துக் கட்டினார். இருட்டான அலமாரியில், இருபது டிகிரி வெப்பத்தில், பன்னிரண்டு வாரம். அதற்குள் செதில்களுக்கு நடுவே கடுகளவில் குட்டிக் கிழங்குகள் தோன்றும். அவை பூக்க மூன்று நான்கு ஆண்டு.

அப்படிக் காத்திருந்து பெற்ற அரிய வகைக்கு விலையும் உண்டு. 2015-இல் கோல்டன் ஃப்ளீஸ் என்ற வகையின் ஒரு கிழங்கு 1,390 பவுண்டுக்கும், 2022-இல் கோல்டன் டியர்ஸ் 1,850 பவுண்டுக்கும் இணைய ஏலத்தில் போயின. விலை ஏறும் இடத்துக்குத் திருடனும் வருகிறான். சாதாரண இனங்களுக்கும் ஆபத்து இருந்தது: துருக்கி மலைகளிலிருந்து மூட்டை மூட்டையாகத் தோண்டிய கிழங்குகள் ஐரோப்பியக் கடைகளுக்கு வந்தன. 1990 முதல் கலாந்தஸ் பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. டாரஸ் மலைக் கிராமத்தார் சிலர் காட்டுக் கிழங்கைத் தோண்டுவதற்குப் பதில் தங்கள் நிலத்தில் நட்டுப் பெருக்கவும் கற்றார்கள். இந்த அம்மா கடையில் வாங்கும்போது முதலில் கேட்பது, “வளர்த்ததா, தோண்டியதா?”

அந்த அம்மாவுக்கு இந்தப் பூவோடு வேறொரு தொடர்பும் உண்டு. செவிலியர் வேலையில் இருந்த கடைசி ஆண்டுகளில் மறதி நோயாளிகளுக்கு அவர் கேலண்டமைன் மாத்திரை கொடுத்திருக்கிறார். அந்த மருந்து, 1950-களில் பல்கேரியாவிலும் சோவியத் நாட்டிலும் நடந்த ஸ்னோடிராப் ஆய்வுகளிலிருந்து வந்தது. “மாத்திரையைக் கையில் வைக்கும்போதெல்லாம் தோட்டம் ஞாபகம் வரும்” என்றார்.

நான் கிளம்பும்போது, பிப்ரவரியில் பிரித்துத் தொட்டியில் வளர்த்த மெர்லின் கிழங்குகள் மூன்றைக் கொடுத்தார். வெயில் குறைந்த இடம், இலைமட்கு, தண்ணீர் தேங்காத மண் என்று மூன்று விதிகள் சொன்னார். பிறகு நோட்டைத் திறந்து என் பெயரின் எழுத்துகளைக் கேட்டுக் கேட்டு வலப்பக்கத்தில் எழுதினார்.

வீட்டுக்கு வந்ததும் கிழங்குகளை நட்டேன். புதிய நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் நடுவே கோடு போட்டு, இடப்புறம் அவர் பெயரை எழுதினேன். வலப்புறம் எழுத இன்னும் பெயர் இல்லை. மூன்று கிழங்கும் தூர் கட்ட வேண்டும். அதற்கு மூன்று நான்கு குளிர்காலமாவது ஆகும். பக்கத்து வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.