விரதத்திலும் வேர்க்கடலை

மும்பை சி.எஸ்.எம்.டி. நிலையத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில் இருக்கிறது அம்பர்நாத். தாராவிக்காரர்கள் சயானிலும் மாட்டுங்காக்காரர்கள் தங்கள் ஸ்டேஷனிலும் ஸ்லோ லோக்கல் பிடிக்கிறார்கள். செம்பூர்வாசிகள் குர்லாவில் வண்டி மாற வேண்டும். தொழிற்பேட்டையும் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையும் கொண்ட இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது வாலதுனி ஆற்றங்கரையில் நிற்கும் சிவன் கோயில்.

சிலாஹார மன்னர்கள் காலத்துக் கருங்கல் கோயில் இது. இங்குள்ள கல்வெட்டின் சக ஆண்டு 982, அதாவது கி.பி. 1060. கருவறைக்குப் போகப் படியேற வேண்டியதில்லை, இறங்க வேண்டும். மகாசிவராத்திரியன்று அந்தப் படிகளை எட்டுவதற்குள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்க நேரிடும். அன்று ஊரே திருவிழாக் கோலம்.

ஊரே விரதம் என்றாலும் பட்டினி இல்லை. மகாராஷ்டிரத்து விரதத்துக்கென்று தனிச் சமையல் உண்டு: சாபுதாணா கிச்சடி, சாபுதாணா வடை, வரயி என்ற சிறுதானியச் சோறு, அதற்கு ஊற்றிக்கொள்ள ஒரு குழம்பு, கொறிக்கச் சிக்கி. சாபுதாணா என்பது நமது ஜவ்வரிசிதான். சேலம் வட்டாரத்து ஆலைகளிலிருந்து நாடு முழுவதும் போகும் சரக்கு. நம் வீட்டில் அது பாயசத்திலும் வடாமிலும் சேரும். இங்கே அதனோடு வறுத்துப் பொடித்த வேர்க்கடலை தாராளமாகச் சேருகிறது. குழம்பும் வேர்க்கடலையை அரைத்து வைப்பதுதான். வேர்க்கடலை ஒவ்வாத ஒரு குழந்தைக்கு இந்தப் புனித நாளில் பாதுகாப்பான தட்டு கிடைப்பது கடினம்.

மற்ற நாளிலும் கவனம் தேவை. வடா பாவுக்குள் தூவும் காய்ந்த பூண்டுச் சட்னியில் பல கடைகள் வேர்க்கடலை சேர்க்கின்றன. மொழியும் காலை வாரிவிடும். தமிழில் 'கடலை' என்றால் வேர்க்கடலையா, கொண்டைக்கடலையா, பொட்டுக்கடலையா? கடலை எண்ணெய் ஒன்று, கடலை மாவு வேறொன்று. எனவே இங்கே கேட்க வேண்டிய சொல் மராத்தியில் 'ஷேங்தாணே', இந்தியில் 'மூங்ஃபலி'.

இதெல்லாம் மேல்நாட்டு வியாதி என்று தள்ளிவிட முடியாது. பெங்களூர், மைசூர் பகுதிகளில் பெரியவர்களிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வு, 1.2 சதவீதம் பேருக்கு உணவு ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று கணக்கிட்டது. பெரும்பாலும் தடிப்பு, அரிப்போடு போய்விடும். சிலருக்குச் சில நிமிடங்களில் உதடும் தொண்டையும் வீங்கும், மூச்சு திணறும், ரத்த அழுத்தம் சரியும். அப்போது உயிர் காப்பது தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. அரிப்பு மாத்திரையை விழுங்கிவிட்டுக் காத்திருப்பது ஆபத்து. 108க்குப் போன் செய்து உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சட்டம் கொஞ்சம் துணைக்கு வருகிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, பாக்கெட் உணவில் பால், முட்டை, மீன், வேர்க்கடலை, சோயா போன்றவை இருந்தால் லேபிளில் அறிவிக்க வேண்டும். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளையுள்ள பெரிய ஓட்டல்களும் ஒவ்வாமைத் தகவல் தர வேண்டும். கோயில் வாசல் தள்ளுவண்டிக்கும் அன்னதானப் பந்திக்கும் இந்தக் கட்டாயம் இல்லை. அங்கே கேட்டால்தான் தெரியும்.

கேட்பதற்குத்தான் தயக்கம். பிரசாதத்தை வேண்டாம் என்றால் அபச்சாரம், அக்கம்பக்கத்தார் நீட்டியதை மறுத்தால் மரியாதைக் குறைவு. "ஒரு வாய் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது" என்று அன்போடு வற்புறுத்துகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கடும் ஒவ்வாமை உள்ளவருக்கு அந்த ஒரு வாய் போதும்.

விரதம் இருப்பவரிடம் இந்த ஊர் இப்படி நடந்துகொள்வதில்லை. வெங்காயம், பூண்டு, கோதுமை, அரிசி எதுவும் ஆகாது என்று அவர் சொன்னால், ஏன் என்று கேட்காமல் பாத்திரத்தைக் கழுவித் தனியாகச் சமைத்துத் தருகிறார்கள். கரண்டியைக்கூட மாற்றுகிறார்கள். ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு வேண்டியதும் அதே கரண்டி மாற்றம்தான். பந்தி பரிமாறுகிறவர் "இதில் ஷேங்தாணே இருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொன்னால், வரிசையில் நிற்கும் தாய் அந்தத் தட்டைத் தவிர்த்து ஒரு வாழைப்பழத்தை வாங்கிக் கொடுத்துவிடுவார்.