நாலாம் பதிப்பைத் திட்டுகிறவர்களுக்கு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர மேசை விளையாட்டின் நாலாம் பதிப்பு மோசம் என்று யாராவது சொன்னால், நீங்கள் எப்படி விளையாடுவீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

2008இல் வந்த அந்தப் பதிப்பு தூரத்தை அடிக்கணக்கில் சொல்லாமல் கட்டக்கணக்கில் சொன்னது. போர்வீரன் கேடயத்தால் எதிரியை ஒரு கட்டம் பின்னால் தள்ளலாம். அங்கே பள்ளம் இருந்தால் எதிரி பாடு திண்டாட்டம். அந்த ஒரு கட்டத்துக்காக மேசையைச் சுற்றி எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்வோம். எனக்கு அது கொண்டாட்டம். என் நண்பனுக்கோ குரலை மாற்றி அரசனோடு பேரம் பேசுவதுதான் ஆட்டமே. சண்டை ஒரு மணி நேரம் இழுத்தால் அவனுக்குக் கதை செத்துவிடும். அவன் சொல்வதும் நிஜம்தான்.

பழைய விதிகளும் இப்படித்தான், ஆடுகிற விதத்தைப் பொறுத்தவை. 1974இல் வந்த முதல் பதிப்பில் பாத்திரத்தை வளர்க்கும் அனுபவப் புள்ளிகள் பெரும்பாலும் கொண்டுவந்த புதையலுக்குத்தான். பேராசை என்று இன்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் அந்த விதி இருந்தால் அரக்கனோடு மோதாமல், ஏமாற்றிவிட்டு நழுவுவதே கெட்டிக்காரத்தனம். பதுங்கி விளையாடுகிறவர்களுக்கு அதைவிட நல்ல விதி கிடையாது.

விதிப்புத்தகத்துக்கு விமர்சனம் எழுதுகிறவர்களே, உங்கள் மேசையில் சண்டை எவ்வளவு, பேச்சு எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.